எல்லாரும் ஸ்டாண்டிலேயே ஏற வேண்டாம்

"இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார் அப்பா.

மகளைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைக் கேட்டார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ரிட்டையரானவர். எந்த இயந்திரமானாலும் நேராக அதனிடமே பேசிவிடுவார், நடுவில் ஆள் வைத்துக்கொள்ள மாட்டார்.

"கிளம்பிட்டிருக்குப்பா. சும்மா இருங்க."

திங்கட்கிழமை காலை, மணி எட்டு ஐம்பத்தாறு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. அது தொடங்கியாயிற்று, இது தொடங்கியாயிற்று, இன்னொன்று தொடங்க இன்னும் ஒன்றரை நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மெஷினை ஓட்டும் லினக்ஸ் ரொம்பப் பணிவாகச் சொல்லியது. பணிவாகச் சொல்லிவிட்டால் கடிகாரம் நின்றுவிடுமா?

வீட்டில் அவளுக்குப் பெயர் பட்டதாரி. அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டையும் சேர்த்துத் தேடினாலும் ஒரு கல்லூரிக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் அவள்தான். அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குள் போனவர்கள் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போனவர்கள்.

போன வியாழக்கிழமைதான் வேலை கிடைத்தது. ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை. காலையில் ஒன்பது மணிக்குள் ஆபீஸ் பக்கத்தைத் திறந்து, 'வந்துவிட்டேன்' என்று எழுதிய பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்பது தாண்டினால் பொத்தான் சிவப்பாகிவிடும். 'தாமதம்' என்று பெயருக்கு நேரே ஒரு புள்ளி விழும். முதல் மாதத்தில் ஆறு புள்ளி விழுந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். வீட்டில்தான் இருக்கிறாள். இருந்தாலும் சொல்லிவிடுவார்கள்.

வியாழன் ஒன்று. வெள்ளி ஒன்று. இன்று மூன்றாவது.

ஒன்பது ஏழுக்குத் திரையில் சிவப்புப் பொத்தான் வந்து நின்றது. அவள் அதை அழுத்திய அழுத்தில் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கியது.

"வந்துட்டுதா?" என்றார் அப்பா.

"வந்துட்டுது. என் வேலைக்குக் காலன் மாதிரி வந்துட்டுது."

பதினோரு மணிக்கு அவளுடைய டீம் லீடர் போன் செய்தார். எப்போதும் பதினோரு மணிக்குத்தான் செய்வார். அதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்களோடு பெரிய பெரிய மீட்டிங்காம்.

"மேடம், மூணு நாள், மூணு புள்ளி. என்ன விஷயம்?"

"சார், சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா..."

"மத்தியான ஷிஃப்ட்ல வர்ற மத்த பதினோரு பேருக்கு வராத ஸ்லோ உங்களுக்கு மட்டும் ஏன் வருது? எங்க சர்வர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுது. எங்க பக்கம் எல்லாம் பக்கா. உங்க வீட்டுலதான் ஏதோ சரியில்லை. அதைப் பாருங்க."

உங்க வீட்டுலதான். இந்தச் சொல்லைப் பட்டதாரி நிறையக் கேட்டிருக்கிறாள். கல்லூரியில் மார்க் குறைந்தால் 'உங்க வீட்டுல யாராவது படிச்சிருக்காங்களா?' நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் தடுக்கினால் 'உங்க வீட்டுல என்ன பேசுவீங்க?' எங்கே எது உடைந்தாலும் அதன் துண்டு அவள் வீட்டு வாசலில்தான் கிடக்கும் என்று ஊருக்கே ஒரு தீர்மானம். கோபம் மூக்கு வரை வந்தது. ஆனால் நிஜமாகவே மெஷின் பழசு. கோபத்தை விழுங்கிவிட்டு, கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலான டெர்மினலைத் திறந்தாள்.

மெஷின் ஏன் மெதுவாகக் கிளம்புகிறது என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டியது. வெப் சர்வர் இரண்டு. டேட்டாபேஸ் சர்வீஸ் மூன்று. ஆன் செய்தவுடனேயே ஐந்தும் ஒன்றாக எழுந்து, இருக்கிற துளி மெமரியைப் பிய்த்துக்கொள்கின்றன. அதிலும் வெப் சர்வர் இரண்டுக்கும் போர்ட் என்கிற ஒரே எண் கதவுதான் வேண்டும். ஒன்று உட்கார்ந்துவிட, இன்னொன்று முட்டி முட்டித் தோற்கிறது. தோற்றாலும் மறுபடி முயற்சி செய்கிறது.

இத்தனையும் எங்கிருந்து வந்தன? அவளே வைத்ததுதான். ஒவ்வொரு கம்பெனியும் நேர்முகத் தேர்வுக்கு ஒவ்வொன்று தெரியுமா என்று கேட்டது. ஒவ்வொன்றையும் போட்டுப் படித்தாள். வேலை கொடுக்காத ஒவ்வொரு கம்பெனியும் அவள் மெஷினில் ஒரு சர்வீஸை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"என்னம்மா, பிரச்சினை தெரிஞ்சுதா?" அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஆன் பண்ணும்போதே அஞ்சு சர்வீஸ் சேர்ந்து ஸ்டார்ட் ஆகுதுப்பா. அதான்."

"அஞ்சும் உனக்கு ஒன்பது மணிக்கு வேணுமா?"

"வேணாம்."

"அப்புறம் ஏன் எல்லாரும் ஸ்டாண்டிலேயே ஏறணும்? வண்டி கிளம்பட்டும். வேணுங்கிற ஆள் கை காட்டுற இடத்துல ஏறிக்கட்டும்."

நான்கு வருடம் படித்த பாடத்தை நான்கு வரியில் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பட்டதாரிக்கு எரிச்சலாக இருந்தது. சரியாகச் சொன்னதனால்தான் எரிச்சல்.

அன்று ராத்திரி ஐந்து சர்வீஸையும் டிசேபிள் செய்தாள். அதாவது, சாகவில்லை; மெஷின் ஆன் ஆகும்போது தானாக எழாது, கூப்பிட்டால்தான் எழும். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்து நொடி! கை தட்டிக்கொள்ளாத குறை.

செவ்வாய் காலை எட்டு ஐம்பத்தேழுக்கே ஆபீஸ் பக்கத்தைத் தட்டிவிட்டாள். திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. 'இதோ வருது' என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அய்யய்யோ! பிள்ளைங்களைக் காணோம்!"

பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல். பட்டதாரி எழுந்து ஓடினாள்.

அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். முன்னறை பூராவும் அவள் ராஜ்யம். இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேசை, மலை மாதிரி நீலத்துணி. மேசைக்கு அந்தப்பக்கம் பெரிய கத்தரிக்கோலோடு கட்டிங் அக்கா. துணி வெட்டுவது அவள் வேலை. எட்டரைக்கு வந்தால் ஆறு வரை வெட்டிக்கொண்டே இருப்பாள், பேச்சையும் சேர்த்து.

"எந்தப் பிள்ளைங்கம்மா?"

"முந்நூத்திப் பன்னிரண்டு பேரு! நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க!" அம்மா போனை நீட்டினாள். திரையில் வெள்ளைப் பக்கம். இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி.

பட்டதாரி மேலே இருந்த முகவரியைப் பார்த்தாள். அது அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட். பெயர் 'அளவுப் புத்தகம்'. தையல்காரர்கள் ஆட்களின் அளவைப் பதிந்து வைத்துக்கொள்ள ஒரு பக்கம். பரீட்சைக்கு வந்த வெளியாள் அதை இரண்டு நிமிடம் பார்த்தார், 'இதையெல்லாம் யார் யூஸ் பண்ணப் போறாங்க?' என்று கேட்டார், டீ குடிக்கப் போய்விட்டார்.

"இதை நீ யூஸ் பண்றியா?"

"பின்னே? ரெண்டு வருஷமா. நீதானே லீவுக்கு வந்தப்ப வச்சுக் காட்டினே?"

"டெமோ காட்டினேன்மா! சும்மா பத்துப் பேர் அளவைப் போட்டு!"

"மிச்சத்தை நான் போட்டேன்."

கட்டிங் அக்கா கத்தரிக்கோலை ஆட்டினாள். "என்ன பாப்பா இப்படிக் கேக்குற? எனக்கு ஒவ்வொரு பிள்ளையோட தோளும் அதுலதான் இருக்கு. உங்கப்பாதான் தினம் காலையில மெஷினைப் போட்டுக் குடுப்பாரு. போட்டா போதும், போன்ல வந்துடும். இப்ப நான் எதைப் பார்த்து வெட்டுறது, உன் மூஞ்சியைப் பார்த்தா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"படிச்சவ செஞ்சா அதை யாராவது யூஸ் பண்ணத்தான் செய்வான்னு நினைச்சேன்," என்றாள் அம்மா. "சும்மா வைக்கவா நாலு வருஷம் படிச்சே?"

பட்டதாரிக்கு நின்று கேட்க நேரமில்லை. திரும்பி ஓடினாள். ஆபீஸ் பக்கம் திறந்திருந்தது. மணி ஒன்பது ஆறு. பொத்தான் சிவப்பு.

நான்காவது புள்ளி.

"உன் பிள்ளைங்களாலதான் போச்சு!" என்று அங்கிருந்தே கத்தினாள். பிறகு டெர்மினலைத் திறந்து அளவுப் புத்தகத்துக்கு வேண்டிய வெப் சர்வர் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று, இரண்டையும் கையால் எழுப்பினாள்.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" என்றாள் அம்மா அந்த அறையிலிருந்து, நிஜமாகவே முந்நூறு பேரும் வாசலில் வந்து நின்றதுபோல.

பதினோரு மணிக்கு லீடர். "நாலு, மேடம்."

"தெரியும் சார்."

"உங்க வீட்டுல..."

"பார்த்துட்டேன் சார். நாளைக்கு வராது."

அன்று சாயங்காலம் மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு எட்டரைக்குள் பக்கம் வேண்டும். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது செட் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டதாரிக்கு ஒன்பது மணிக்கு மெஷின் காலியாக, மூச்சு வாங்காமல் இருக்க வேண்டும்.

"அப்போ ஒரு டைமர் வைக்கிறேன். காலையில எட்டு மணிக்கு அந்த ரெண்டு சர்வீஸ் மட்டும் தானா எழும். முக்கி முனகி எழுந்து உட்கார அஞ்சு நிமிஷம் ஆகட்டும். எட்டரைக்கு அக்கா வருவாங்க. ஒன்பதுக்கு நான் வருவேன். யாருக்கும் இடிக்காது."

"எட்டுக்கு மெஷின் ஓடிட்டிருக்கணுமே?" என்றார் அப்பா.

"அது உங்க டியூட்டி. ஏழே முக்காலுக்கு ஆன் பண்ணிடுங்க."

டியூட்டி என்ற சொல்லைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு நாற்பத்தஞ்சு. ஷார்ப்."

பட்டதாரி அதோடு நிற்கவில்லை. நன்றாகப் படித்தவள். எங்கேயாவது கரண்ட் போய் மெஷின் எட்டு மணிக்கு அணைந்திருந்தால்? அதற்கும் ஒரு வரி சேர்த்தாள்: தவறவிட்ட வேலையை, மெஷின் எப்போது ஆன் ஆகிறதோ அப்போதே செய்துவிடு. எழுதி முடித்துவிட்டு, தன் முன்யோசனையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

புதன் காலை ஏழு நாற்பத்தைந்துக்கு அப்பா மெஷினை ஆன் செய்தார். சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டுதான் செய்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிறி சுற்றும் சத்தத்தைப் பத்து நிமிடம் கேட்டார். திருப்தியாக இருந்தது. ஏழு ஐம்பத்தைந்துக்கு அம்மா கூப்பிட்டாள்: "நூல் தீர்ந்துபோச்சு, ஒரு எட்டுப் போய் வாங்கிட்டு வந்துடுங்க."

அப்பா எழுந்தார். மெஷினைப் பார்த்தார். சீட்டில் ஆள் இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டு இறங்கிப் போவது அவர் முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள்கூடச் செய்யாத குற்றம். சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு நூல் வாங்கப் போனார்.

பட்டதாரி குளித்து, சாப்பிட்டு, எட்டு ஐம்பதுக்கு வந்து பார்த்தால் திரை கறுப்பு.

"அப்பா!"

"என்னம்மா?"

"ஆன் பண்ணலையா?"

"பண்ணினேனே! நூல் வாங்கப் போறப்ப அணைச்சேன்."

"ஏம்பா?"

"சீட்டுல யாருமில்லையே! தானா உருண்டு போய் எங்கேயாவது இடிச்சா யார் பதில் சொல்றது?"

அவள் சுவிட்சைப் போட்டாள். மெஷின் எழுந்தது. எழுந்த உடனே, எட்டு மணி வேலை தவறிப்போனது அதற்கு நினைவு வந்தது. அவள் சேர்த்த வரியை அட்சரம் பிசகாமல் மதித்து, இரண்டு சர்வீஸையும் அப்போதே கிளப்பியது. முந்தின ராத்திரியும் அப்பா இதேபோல ஓட்டத்தின் நடுவில் கரண்டைப் பிடுங்கியிருந்ததால் டேட்டாபேஸ் தன்னுடைய ஏடு எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. வெப் சர்வர் அதற்காகக் காத்திருந்தது. பட்டதாரி வெப் சர்வருக்காகக் காத்திருந்தாள். ஆபீஸ் பக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒன்பது ஏழு. சிவப்பு. ஐந்து.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முன்னறையிலிருந்து அம்மா ஒரு சட்டைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் இரண்டு பட்டதாரிகள் புகுந்துகொள்ளலாம்.

"இது யாருக்குன்னு கேளு."

"யாருக்கு?"

"மூணாம் கிளாஸ் பையனுக்கு!"

கட்டிங் அக்கா பின்னாலேயே வந்தாள். "பக்கம் வரலை. எவ்வளவு நேரந்தான் கையைக் கட்டிட்டு நிக்கிறது? ரெண்டு வருஷமா வெட்டுற அளவுதானே, ஞாபகம் இருக்கும்னு வெட்டினேன்."

"எத்தனை?"

"பதினெட்டு."

"எல்லாமேவா தப்பு?"

"அப்படிச் சொல்லாதே பாப்பா. ஒண்ணு சரியா இருக்கு. அது வேற ஸ்கூல் கலர்."

அம்மா அன்று பகல் முழுவதும் பட்டதாரியிடம் பேசவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். தையல் மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் திட்டுகிற மாதிரிதான் கேட்டது.

பதினோரு மணிக்கு லீடர் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "நாளைக்கும் விழுந்தா, நாமே பேசிப் பிரிஞ்சுக்கலாம் மேடம்."

பட்டதாரி போனை வைத்தாள். இது அவளுக்கு முதல் வேலை. முப்பத்தாறு கம்பெனி வேண்டாமென்று சொன்ன பிறகு வந்த வேலை. அது கிடைத்த அன்று அப்பா பழைய டிப்போ வரைக்கும் நடந்தே போய், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாளைக்கு அத்தனை பேரிடமும் எப்படித் திரும்பப் போய்ச் சொல்லுவார்?

சாயங்காலம் கட்டிங் அக்கா போன பிறகு முன்னறைக்கு வந்து அம்மா எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, சர்வீஸ் எதுவுமே இருக்கக்கூடாது. மொத்தமா மூடிடறேன். உன் பிள்ளைங்க அளவை நோட்டுல எழுதித் தந்துடறேன்."

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "இனிமே போன்ல வராதா?"

"வராது."

"தேடினா டக்குனு வருமே. பேரோட முதல் எழுத்தைப் போட்டா போதுமே. அதுவும்?"

"வராதும்மா."

நூல் இரண்டு தடவை ஊசியைத் தவறவிட்டது. "சரி. உன் வேலைதான் முக்கியம். எழுது."

அப்பா திரையைப் பார்த்து வாசித்தார், பட்டதாரி நோட்டில் எழுதினாள். அவர் பஸ்ஸில் கண்டக்டர் நிறுத்தம் சொல்லும் அதே ராகத்தில் வாசித்தார். "தோள் பதினொண்ணு, தோள் பதினொண்ணு... கை பதினாலு, கை பதினாலு இறங்குறவங்கல்லாம் வாங்க..." அம்மாவே சிரித்துவிட்டாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ப்ராஜெக்டில் பக்கம் வெறுமையாகத் தெரியக்கூடாதே என்று பட்டதாரி சும்மா வைத்த கட்டம். அப்பா அதையும் வாசித்தார்.

"'இவன் கொடி மாதிரி வளர்றான், ரெண்டு விரல் மடிப்பு விடு.' அடுத்தது, 'கழுத்துல துணி பட்டா அரிக்கும்னு அழும், மெல்லிசா மடி.' அடுத்தது, 'அக்கா சட்டையைத்தான் எப்பவும் போடும், இந்த வருஷம் இவளுக்கே புதுசு, நல்ல பட்டன் போடு.'"

பட்டதாரி எழுதுவதை நிறுத்தினாள். ஆறாம் வகுப்போடு நின்ற அம்மா, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டியிருக்கிறாள். யார் யூஸ் பண்ணப் போறாங்க என்று கேட்டானே அந்த ஆள், அவனை இங்கே இழுத்து வந்து இந்த மேசைக்கு முன்னால் நிற்கவைக்க வேண்டும் போல இருந்தது. பேனாவை மறுபடி எடுத்தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. டெர்மினலைத் திறந்து ஐந்து சர்வீஸையும் மாஸ்க் செய்தாள். டிசேபிள் என்றால் கூப்பிட்டால் எழும். மாஸ்க் என்றால் யார் கூப்பிட்டாலும், எந்த டைமர் கத்தினாலும் எழாது. அம்மா போனில் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தாள். வெள்ளை. போனைத் துணிக்குக் கீழே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை.

எட்டு நாற்பதுக்கு சுவிட்ச். பத்தொன்பது நொடியில் மெஷின் தயார். துடைத்து வைத்த தட்டு மாதிரி காலி. அப்பா மூன்றடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், எதையும் தொட மாட்டேன் என்று காட்டுவதற்காக. அம்மா தையல் மெஷினை நிறுத்தியே வைத்திருந்தாள். கட்டிங் அக்கா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

எட்டு நாற்பத்தொன்றுக்கு ஆபீஸ் பக்கத்தைத் தட்டினாள்.

சக்கரம் சுற்றியது.

எட்டு ஐம்பது. சுற்றியது. மறுபடி தட்டினாள். எட்டு ஐம்பத்தெட்டு. சுற்றியது.

"வருது, வருது," என்றார் அப்பா, திரையைப் பார்த்துக் கெஞ்சுகிற குரலில்.

ஒன்பது.

இன்று குறை சொல்ல வீட்டில் யாருமே மிச்சமில்லை. சர்வீஸ் இல்லை, டைமர் இல்லை, பிள்ளைகள் இல்லை, நூல் இல்லை. ஒன்பது மூன்று. ஒன்பது நான்கு. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பட்டதாரி எழுந்தாள். "போதும். அவனா சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"பதினோரு மணிக்கு அவரே பேசுவாருல்ல?" என்றாள் அம்மா.

"பதினோரு மணி வரைக்கும் என்னால அழாம இருக்க முடியாதும்மா."

லீடர் நம்பரை அழுத்தினாள். ரொம்ப நேரம் அடித்தது. பிறகு ஒரு பெண்குரல், வயதான குரல். பின்னால் எங்கேயோ தண்ணீர் கொட்டும் சத்தம்.

"யாரு?"

"சார் இருக்காரா? நான் ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவ."

"அவன் தூங்கறான் கண்ணு. பதினோரு மணிக்கு முன்னாடி எழுப்பினா கடிச்சு வைப்பான். நான் அவன் அம்மாதான். என்ன சொல்லணும், என்கிட்ட சொல்லு."

யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது பட்டதாரிக்கு.

"சொல்லுங்க, எனக்கு இந்த வேலை வேணாம்னு. ஆறு புள்ளி ஆயிடுச்சு. எங்க வீட்டுலதான் சரியில்லை, எங்க வீட்டுலதான் சரியில்லைன்னு சொன்னாரு. நாலு நாளா எங்க வீட்டை நானே உரிச்சுப் போட்டுட்டேன். எங்கம்மா வேலையைக் கெடுத்தேன், எங்கப்பாவைத் திருடன் மாதிரி கையைக் கட்டி நிக்க வச்சுட்டேன். இன்னும் உரிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. உங்க சர்வர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுதாமே, அது எங்க வீட்டுக்கு மட்டும் ஒன்பது ஆறு, ஒன்பது ஏழுக்குத்தான் வருது. ஏன்னு எனக்குத் தெரியலை. அவ்வளவுதான். சொல்லிடுங்க."

மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயை மூடியிருக்க வேண்டும்.

"சர்வர்னா, எங்க ஹால்ல மேசைக்குக் கீழ இருக்கே, அந்தக் கறுப்புப் பொட்டியா கண்ணு? அது ராத்திரி பூரா சும்மா உறுமிட்டே கிடக்குதேன்னு படுக்கப் போறப்ப நான் அணைச்சிடுவேன், காலையில பாத்திரமெல்லாம் கழுவி முடிச்சதும் நான்தான் போடுவேன்... இரு, கை ஈரமா இருக்கு, துடைச்சிட்டு இதோ போட்டுடறேன்."